பின்னோக்கி நகரத் தெரிந்த கால்கள்

2019 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அணி ஒஹாயோ ஸ்டேட் அணியிடம் 52-3 என்று தோற்றது. ஆனால் அடுத்த ஒன்றரை ஆண்டுக்கு, அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் அந்த ஆட்டத்தின் காணொளியைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். காரணம், தோற்ற அணியின் இடது ஓரத் தடுப்பு வீரர், அதாவது இடது டேக்கிள், ரஷான் ஸ்லேட்டர். அவருக்கு எதிரே நின்றவர் சேஸ் யங். அந்தப் பருவத்தில் மட்டும் 16 முறைக்கு மேல், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகளைத் தரையில் சாய்த்தவர் யங். ஸ்லேட்டரைத் தாண்டிப் போவது அவருக்கும் பெரும்பாடாக இருந்தது.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரண்போல ஐந்து பேர் நிற்பார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், இரு ஓரங்களிலும் டேக்கிள்கள். ஓடிவந்தோ பந்தைப் பிடித்தோ புள்ளி எடுப்பது இவர்கள் வேலையில்லை. எதிரி உள்ளே வராமல் ஏறக்குறைய இரண்டரை நொடி தாக்குப்பிடித்தால் போதும். அப்படியானால் 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு இந்த வேலை வருமா என்று எதை வைத்து முடிவு செய்வது?

ஒரே ஒரு அசைவை நெருங்கிப் பார்ப்போம். பந்து கைமாறியதும் இடது டேக்கிள் தன் இடது காலைச் சாய்வாகப் பின்னால் வைக்கிறார். வலது கால் தரையை உரசியபடி அதைத் தொடர்கிறது. இரண்டு கால்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது, பின்னிக்கொள்ளவும் கூடாது. எதிரி வெளிப்பக்கமாக வளைந்து ஓடிவருகிறார். டேக்கிள் அந்த வளைவின் உள்பக்கத்தில் இருப்பதால் அவர் கடக்க வேண்டிய தூரம் குறைவு. அவருக்குள்ள ஒரே சாதகம் அதுதான். ஆனால் அவசரப்பட்டு இடுப்பை வெளிப்பக்கம் திருப்பிவிட்டால், எதிரி சட்டென்று உள்ளே வெட்டி நேர்கோட்டில் குவார்ட்டர்பேக்கை அடைந்துவிடுவார். 140 கிலோ எடையுள்ள மனிதர் பின்னோக்கி நகர்ந்துகொண்டே, எந்த நொடியிலும் எந்தப் பக்கமும் திரும்பத் தயாராக இருக்க வேண்டும். இந்தக் காணொளிகளைப் பார்க்கும்போது நான் பந்தைப் பார்ப்பதே இல்லை. இடுப்புக்குக் கீழேதான் பார்ப்பேன்.

அடுத்தது மோதும் நொடி. இங்கே வெறும் பலத்தைவிட இயற்பியலே அதிகம் பேசுகிறது. முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பவர் எதிரியின் மார்பில் கீழிருந்து மேலாகத் தள்ளுகிறார். அப்போது எதிரியின் எடையில் ஒரு பகுதியைத் தூக்கிவிடுகிறார். எதிரியின் கால் தரையை அழுத்தும் விசை குறைகிறது. அதனால் உராய்வும் குறைகிறது. ஊன்றித் தள்ளப் பிடிமானம் இல்லாமல் போகிறது. அதே விசை எதிர்வினையாகத் தள்ளுபவரின் காலைத் தரையில் மேலும் அழுத்தி, அவர் ஊன்றலை வலுவாக்குகிறது. முழங்காலுக்குப் பதில் இடுப்பை வளைத்துக் குனிபவருக்கு நேர்மாறான கதி. அவருடைய ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு முன்னால் போய்விடுவதால், எதிரி லேசாக இழுத்தாலே குப்புற விழுவார். இவர் மடக்குவது முழங்காலையா இடுப்பையா என்பதை ஸ்கவுட்டுகள் முதல் பத்து நிமிடத்திலேயே குறித்துவிடுவார்கள்.

பிறகு அளவுகோல்கள். ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் கம்பைன் என்ற தேர்வு முகாமில் எடை, உயரம், கை நீளம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். 40 கஜம் ஓட விடுகிறார்கள். ஆட்டத்தில் ஒரு டேக்கிள் அவ்வளவு தூரம் நேராக ஓட வேண்டிய தேவை அநேகமாக வராது. அதனால் முதல் 10 கஜத்தில் எடுக்கும் நேரத்தைத்தான் நான் மதிக்கிறேன். நின்ற இடத்திலிருந்து தாவும் நீளம் தாண்டலும் அப்படித்தான், இடுப்பு எவ்வளவு வேகமாக விசையைத் தருகிறது என்பதை அது காட்டிவிடும். மல்லாந்து படுத்து 102 கிலோ பளுவை எத்தனை முறை தூக்க முடிகிறது என்றும் எண்ணுகிறார்கள். நீண்ட கைக்காரர் ஒவ்வொரு முறையும் பளுவை அதிக தூரம் நகர்த்துகிறார். விசையை தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் வேலை என்பதால், குட்டைக் கைக்காரருக்கு இந்தச் சோதனை சலுகை காட்டுகிறது. ஸ்லேட்டர் தன் பல்கலைக்கழகத்தில் நடந்த இதேபோன்ற சோதனையில் 33 முறை தூக்கினார்.

அவருடைய கை நீளமும் 33 அங்குலம்தான். சர்ச்சையே அங்கேதான் தொடங்கியது. டேக்கிளுக்கு 34 அங்குலமாவது வேண்டும் என்பது பல அணிகளின் பழைய கணக்கு. முதலில் தொடுபவர்தான் மோதலின் திசையைத் தீர்மானிக்கிறார் என்பதால் அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. கை குட்டையான பலரைக் கார்டு இடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கே எதிரி நெருக்கத்திலேயே நிற்பதால் எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியம் குறைவு. ஆனால் ஓர் அங்குலம் என்பது இரண்டரை சென்டிமீட்டர். கால் சரியான இடத்தில் சரியான நேரத்தில் விழுந்தால் அந்தக் குறையை ஈடுகட்டிவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

எண்கள் ஏமாற்றும் என்பதற்கு 2018-இல் ஒர்லாண்டோ பிரவுன் ஜூனியர் என்ற டேக்கிளுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். 40 கஜம் ஓட 5.85 நொடி, பளு வெறும் 14 முறை. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றில் போவார் என்று பேசப்பட்டவர் மூன்றாம் சுற்றில் 83-ஆவது ஆளாகத்தான் போனார். பிறகு நான்கு முறை, பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌலுக்குத் தேர்வானார். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமும் நீண்ட கைகளும் கொண்டவரைச் சுற்றிவர எதிரி பெரிய வட்டமே போட வேண்டும். அந்த வட்டத்தை எந்த ஓட்டச் சோதனை அளக்கும்?

காணொளியையும் அப்படியே நம்பிவிட முடியாது. பந்து எறியப்படும் நொடியில் தடுப்பு வீரர்கள், ஆட்டம் தொடங்கிய கோட்டைத் தாண்டி, கல்லூரி ஆட்டத்தில் மூன்று கஜம் வரை முன்னேறியிருக்கலாம். தொழில்முறையில் ஒரு கஜம்தான். அதனால் கல்லூரி அணிகள் ஓட்டமா எறிதலா என்று எதிரியைக் குழப்பி, பந்தைச் சட்டென்று எறிந்துவிடுகின்றன. டேக்கிள் நேருக்கு நேர் சோதிக்கப்படாமலேயே ஒரு முழு ஆட்டம் முடிந்துவிடலாம். ஆகவே ஸ்கவுட்டுகள் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, குவார்ட்டர்பேக் ஆழமாகப் பின்வாங்கி நிதானமாக எறியும் தருணங்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டத்தில் அவை சிலவே தேறும். எதிரே நின்றவர் தரமானவராகவும் இருக்க வேண்டும் என்று பார்த்தால் இன்னும் குறையும்.

2020 பருவத்தில் கொரோனா காரணமாக ஸ்லேட்டர் ஆடவே இல்லை. அதனால் ஒரு வருடம் பழைய காணொளியை வைத்தே அவரை மதிப்பிட வேண்டியிருந்தது. 2021 ஏப்ரல் 29 அன்று கிளீவ்லாந்தில் நடந்த டிராஃப்டில் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் 13-ஆவது ஆளாக அவரை எடுத்தது. கார்டாக மாற்றாமல் இடது டேக்கிளாகவே நிறுத்தியது. குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட் வலதுகைக்காரர். எறியத் திரும்பும்போது அவர் முதுகு காட்டும் பக்கம் அது. முதல் பருவத்திலேயே ஸ்லேட்டர் புரோ பௌலுக்குத் தேர்வானார்.