எந்திர அறம்

எந்திர அறம்: தானாக முடிவெடுக்கும் எந்திரன் (ரோபோ), செய்யத்தக்கது எது, தகாதது எது என்று பார்த்து நடக்க அதற்குள் வைக்கும் திறன். அதை ஆராயும் துறைக்கும் இதே பெயர்.

தமிழில் ஏன் இந்தப் பெயர் என்று பார்க்க, 'ரோபோ'விலிருந்து தொடங்குவோம். செக் மொழியில் 'ரோபொட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்யும் கட்டாய வேலை. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' கிட்டத்தட்ட அதேதான். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தில் செயற்கை வேலையாட்களுக்கு இந்தப் பெயரை வைத்தார். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அண்ணன் யோசெப். சஞ்சிக்கூலியாகவும் (ஒப்பந்தக் கூலி) கங்காணி பிடித்தும் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இந்த வேருக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

'எந்திரம்' வடமொழி வழி வந்தது. ஆனாலும் பழசு; சங்கப் பாடலிலேயே கரும்பாலைக்கு அந்தப் பெயர் உண்டு.

சிக்கல் 'அற'த்தில்தான். மனத்தில் மாசில்லாமல் இருப்பதே அறம் என்கிறது குறள். மனமே இல்லாத பொருளுக்கு? அதனால் 'இயந்திர நெறிமுறை' போதும் என்பார்கள். எனக்குப் போதவில்லை. செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மருந்தடிக்கும் ட்ரோன், கீழே உதிரிப்பழம் பொறுக்கும் ஆளைக் கண்டதும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நெறிமுறை. விதி போட்டது அதைச் செய்தவர்; ட்ரோன் எதையும் எடைபோடவில்லை. விதியை உள்ளே புதைத்த எந்திரம் வேறு, அறக்கருத்தை வைத்துத் தானே கணக்கிடும் எந்திரம் வேறு என்று 2006-இல் பிரித்துக் காட்டினார் ஜேம்ஸ் மூர் என்ற மெய்யியலாளர்.

இரண்டாவது வகைக்கு அமெரிக்க ஆய்வாளர்களான ஆண்டர்சன் தம்பதியர் 2010-இல் 'நாவோ' என்ற குட்டி எந்திரனைப் பழக்கினார்கள். வேலை, மாத்திரை நேரத்தை நினைவூட்டுவது. நம் தோட்ட லயத்துப் பாட்டி "அப்புறம் சாப்பிடுறேன்லா" என்று கையை ஆட்டினால் என்ன செய்யும்? விட்டுவிடுவதா, மறுபடி கேட்பதா, டாக்டருக்குச் சொல்வதா? மாத்திரை தவறினால் வரும் கெடுதல், கைவிட்டுப்போகும் நன்மை, பாட்டியின் விருப்பம் மூன்றையும் அது நிறுத்துப் பார்க்கும். நிறுக்கும் விதத்தை, அறவியலாளர்கள் ஒத்துக்கொண்ட நிகழ்வுகளிலிருந்து கற்றது.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவ் 1942-இல் ஒரு கதையில் எந்திரன்களுக்கு எழுதிய மூன்று விதிகளைச் சிலர் இங்கே நீட்டுவார்கள். சரி, ஆனால் அந்தக் கதையே விதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதைப் பற்றியது.

ஆக, துறைக்கு 'எந்திர அறம்', எந்திரனுக்குள் இருப்பதற்கு 'அறத்திறன்'. 'எந்திர மனசாட்சி' மட்டும் வேண்டாம். ஏதாவது ஆகிவிட்டால், செய்து விற்றவரும் வாங்கி ஓட்டியவரும் எந்திரத்தைக் கைகாட்டி நழுவ அந்தச் சொல்லே வழிவிடும்.