கொதிக்கக் கொதிக்க மருந்தாகும் கிழங்கு

ஃபூசி என்ற சீனச் சொல்லுக்கு ‘ஒட்டியிருக்கும் பிள்ளை’ என்று பொருள் சொல்லலாம். அகோனிட்டம் கார்மைக்கேலி என்னும் செடியின் தாய்க்கிழங்கோடு ஒட்டி முளைக்கும் சேய்க்கிழங்கு அது. சிச்சுவான் மாகாணத்து ஜியாங்யோ வட்டாரம் இதன் சாகுபடிக்குப் பேர்போனது. நம் சித்த மருத்துவர்கள் நாபி என்று அழைக்கும் கிழங்கும் இதே அகோனிட்டம் பேரினத்தைச் சேர்ந்ததுதான். இரண்டுமே பச்சையாக உள்ளே போனால் ஆளைக் கொல்லும்.

கை கால் சில்லிட்டு, நாடி தளர்ந்து கிடப்பவருக்கு ஃபூசியைக் கொடுப்பது சீன வழக்கம். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங், இதனுடன் சுக்கும் அதிமதுரமும் சேர்த்துக் கஷாயம் வைக்கச் சொன்னார். அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

விஷத்தின் பெயர் அகோனிட்டின். இதயத் தசையிலும் நரம்பிலும் சோடியம் அயனிகள் நுழைவதற்கென்று நுண்ணிய வாயில்கள் உண்டு. திறந்த மறுகணமே அவை மூடிவிட வேண்டும், அப்போதுதான் அடுத்த துடிப்பு ஒழுங்காக வரும். அகோனிட்டின் போய் ஒட்டிக்கொண்டால் கதவு மூடாது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு வாந்தி, அப்புறம் இதயம் தாறுமாறாக அடிக்கத் தொடங்கும். இரண்டு மில்லிகிராம் அளவே உயிரைப் பறிக்கக்கூடும். முறிமருந்து கிடையாது. விஷம் உடலை விட்டு இறங்கும்வரை மருத்துவமனையில் இதயத்தை ஓடவைத்துக் காப்பாற்றுவதுதான் ஒரே வழி.

சரி, இதை எப்படி மருந்தாக்கினார்கள்? கிழங்கை உப்புக் கரைசலில் பல நாள் ஊறவைத்து, வேகவைத்து, கழுவி, வில்லைகளாக நறுக்கி உலர்த்துகிறார்கள். கஷாயத்திலும் மற்ற மூலிகைகளுக்கு முன்னால் இதை மட்டும் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும் என்பது விதி. சடங்கு போலத் தோன்றினாலும் நடப்பது சுத்தமான வேதியியல். அகோனிட்டின் மூலக்கூறில் எஸ்டர் எனப்படும் வேதிப் பிணைப்புகள் இரண்டு உண்டு. கொதிநீர் முதலில் ஒன்றை அறுக்கிறது, நச்சு நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. மற்றதும் அறுந்தால் இன்னும் தணிகிறது. ஹிஜெனமைன் என்ற வேறொரு பொருளும் கிழங்கில் இருக்கிறது, அது இதயத் துடிப்பை ஊக்குவிக்கும். விளையாட்டு வீரர்களுக்கு அது தடை செய்யப்பட்டிருக்கிறது.

சீன அரசின் மருந்து நூல் 3 முதல் 15 கிராம்வரை அனுமதிக்கிறது, அதுவும் பதப்படுத்திய வில்லைக்கு. என்னைக் கேட்டால், கிராம் கணக்கைவிடக் கொதித்த நேரம்தான் பெரிய விஷயம். அவசரத்தில் பத்து நிமிடத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய கஷாயத்தில் எவ்வளவு அகோனிட்டின் மிச்சம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மூட்டுவலிக்கென்று பச்சைக் கிழங்கைச் சாராயத்தில் ஊறப்போட்டுக் குடிப்பவர்களும் சீனாவில் உண்டு. சாராயம் விஷத்தை நன்றாகக் கரைத்தெடுக்கும், உடைக்காது. அடுப்பே ஏறாத மருந்து அது.