அலமாரி செய்யும் முன் சேலைகளை எண்ணுங்கள்

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஓர் அக்கா போன் செய்தார். “தம்பி, அலமாரிக் கதவைத் திறந்தாலே ஒரு ஈர வாடை அடிக்குது, வந்து பாக்கிறியா?” அந்த அலமாரி நான் செய்தது இல்லை, ஐந்து வருடத்துக்கு முன் வேறு யாரோ செய்து கொடுத்தது. அடுக்குமாடி வீடு, சின்ன அறை, ஒரு சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரைவரை வெள்ளைக் கதவுகள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துணிகளை எல்லாம் எடுத்துக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் பின்பலகையில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று, லேசாகப் பிசுபிசுப்பாக இருந்தது. பலகையின் கீழ்ப்பாதியில் சாம்பல் பூசினாற்போல் பூஞ்சை. அடித்தட்டில் இருந்த அவருடைய கூறைச் சேலையின் மடிப்பு ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள், ஓரிடத்தில் சரிகை கறுத்திருந்தது. அக்கா அதைக் கையில் எடுத்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை. ஷவர் குழாயும் அதே சுவரில்தான் போகிறது. ஓடுகளுக்கு இடையே பூசியது வருடக்கணக்கில் தேய்ந்து, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குள் இறங்கி, இந்தப் பக்கம் காய வழியில்லாமல் பலகையில் நின்றிருக்கிறது. பின்பலகை 3 மி.மீ. தடிமன்தான், அதையும் சுவரோடு ஒட்டியே அடித்திருந்தார்கள். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதமே பெரும்பாலும் 80 விழுக்காட்டைச் சுற்றித்தான் இருக்கும், அக்டோபர் நவம்பர் வந்தால் சாயங்கால மழை வேறு. 70 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் ஈரம் நின்றாலே பூஞ்சைக்குப் போதும், காற்றே புகாத இருட்டுப் பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

சின்ன அறைக்கு அலமாரி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதே நிறம், இதே கதவு, இதே கைப்பிடி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்பேன். எந்தச் சுவரில் வைக்கப் போகிறீர்கள்? உள்ளே என்னென்ன வைக்கப் போகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் யாராவது வரைபடம் போட்டுக் கொடுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் சுவர். குளியலறையோடு ஒட்டிய சுவரைக் கூடுமானவரை விட்டுவிடுங்கள். மழைச்சாரல் நேராக அடிக்கும் வெளிச்சுவரும் அப்படித்தான், அதிலும் சாயம் உப்பிக்கொண்டு பொரிந்திருந்தால் அங்கே ஏற்கெனவே தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். வேறு சுவரே இல்லை என்றால், சரி, முதலில் குளியலறைப் பக்கத்து ஒழுகலைச் சரிசெய்து சுவரை நன்றாகக் காயவிடுங்கள், அப்புறம் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே 3 முதல் 5 செ.மீ. இடைவெளி விட்டு, அந்த இடைவெளிக்குக் கீழேயும் மேலேயும் காற்று போய்வரத் திறப்பு வைக்கச் சொல்லுங்கள். கூரைவரை இடுக்கே இல்லாமல் மூடிவிட்டால் அந்த இடைவெளியால் பயன் இல்லை. ஏர்கோன் பெட்டி எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அலமாரி அதன் பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றால் குளிர்காற்று கதவில் பட்டுத் திரும்பும், சர்வீஸ் செய்ய வருகிறவருக்கும் மூடியைக் கழற்ற இடம் இருக்காது. பிளக் பாயிண்ட், விளக்கு ஸ்விட்ச் இவற்றை அலமாரிக்குள் புதைத்துவிட்டுப் பிறகு பலகையில் துளை போட்டுக் கையை விட்டுத் தேடுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அறையின் கணக்கு. நம் ஊர் பி.பி.ஆர். எனும் அரசாங்க மலிவு விலை அடுக்குமாடி வீடுகள் 700 சதுர அடியில் மூன்று அறை. தரை வீடுகளிலும் மூன்றாவது அறை 10க்கு 9 அடியைத் தாண்டுவது அபூர்வம். அதாவது 305 செ.மீ.க்கு 274 செ.மீ. அதில் ஒரு குவீன் கட்டில் போடுகிறோம், மெத்தை மட்டுமே 152க்கு 190. கட்டிலின் கால்மாட்டில் அலமாரி வேண்டும் என்பார்கள். 305இல் மெத்தைக்கு 190, அலமாரிக்கு 60 போக மிச்சம் 55 செ.மீ., கட்டில் சட்டமும் தலைமாட்டுப் பலகையும் அதிலிருந்து இன்னும் பத்தைத் தின்றுவிடும். அங்கே நின்று கதவைத் திறந்து குனிந்து ஒரு டிராயரை இழுக்க முடியாது. அதே அலமாரியைக் கட்டிலின் பக்கவாட்டில் வைத்து, கட்டிலின் மறுபக்கத்தைச் சுவரோடு சேர்த்துவிட்டால் நடுவே 93 செ.மீ. கிடைக்கும், தாராளமாக நடக்கலாம். கட்டிலில் இரண்டு பக்கமும் இறங்கியே ஆக வேண்டும் என்றால் அந்த 93ஐப் பங்கு போட வேண்டியதுதான், அப்போது ஒரு கதவின் அகலம் 45 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. இதையெல்லாம் தாளில் போட்டுப் பார்ப்பதைவிட ஒரு வேலை செய்யுங்கள், பழைய செய்தித்தாள்களை அலமாரி அளவுக்குத் தரையில் ஒட்டிவிட்டு, கதவு திறக்கும் இடத்தையும் சாக்குக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, இரண்டு நாள் அந்த அறையில் நடமாடிப் பாருங்கள். சுவரை அளக்கும்போது தரையோரம், இடுப்பளவு, கூரையோரம் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். நேரான சுவர் உள்ள வீடு குறைவு, சின்ன அறையில் 2 செ.மீ. வித்தியாசம்கூடக் கதவைச் சாய்த்துக் காட்டும்.

அலமாரியின் ஆழம் ஏன் 60 செ.மீ. என்று கேட்பார்கள். பெரியவர்களின் ஹேங்கர் 42 முதல் 46 செ.மீ. அகலம், அதில் சட்டை தொங்கும்போது தோள்பட்டை இன்னும் கொஞ்சம் வெளியே வரும், ஆக உள்ளே 55 செ.மீ.யாவது இருந்தால்தான் துணி கதவில் உரசாது. இழுக்கும் கதவு வைத்தால் தண்டவாளத்துக்கு இன்னும் 8, 10 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு ஆழம் கொடுக்கவே முடியாத அறை என்றால் 40 செ.மீ. ஆழத்தில் செய்து, துணி முகம் பார்த்துத் தொங்கும்படி முன்னுக்கு இழுக்கிற கம்பி போடலாம், கொஞ்சம்தான் கொள்ளும், ஆனால் அறை அறையாக இருக்கும்.

இழுக்கும் கதவா, திறக்கும் கதவா என்ற கேள்விக்கு என் பதில், இடம் இருந்தால் திறக்கும் கதவு. இழுக்கும் கதவில் ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் கண்ணுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை டிராயர். ஒரு வீட்டில் டிராயர்களை நடுவில் வைத்துச் செய்திருந்தார்கள், இரண்டு கதவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடம் அது, எந்தக் கதவை எந்தப் பக்கம் தள்ளினாலும் டிராயரின் ஓரம் கதவில் இடித்தது, கடைசிவரை அவை முழுசாகத் திறக்கவே இல்லை. இழுக்கும் கதவுதான் வேண்டும் என்றால் டிராயர் முழுவதும் ஒரே கதவுக்குப் பின்னால் அடங்குகிறதா என்று வரைபடத்தில் விரலை வைத்துப் பாருங்கள்.

இப்போது உள்ளே. இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அறைத் துணி அத்தனையையும் கட்டிலில் கொட்டி, தொங்குவது, மடிப்பது, அபூர்வமாக எடுப்பது என்று மூன்றாகப் பிரித்து எண்ணச் சொல்வேன். சட்டை, பிளவுஸ், பள்ளிச் சீருடை இவற்றுக்குக் கம்பிக்குக் கீழே 100 செ.மீ. போதும். ஆகவே இரண்டு கம்பியை மேலும் கீழுமாகப் போட்டால் 2 மீட்டர் உயரத்துக்குள் இரட்டிப்பாகக் கொள்ளும், சின்ன அறைக்கு இதைவிட நல்ல உத்தி இல்லை. லெஹங்கா, நீள கவுன், பாஜு குரோங், ஜிப்பா இவற்றுக்கு மட்டும் 140, 150 செ.மீ. தேவை. அதற்கு ஒரே ஒரு கட்டம் போதும், முழு அலமாரியையும் அந்த உயரத்துக்கு விடுகிறார்கள், கீழே பாதி வெறுங்காற்று. ஒரு சட்டைக்குக் கம்பியில் ஏறக்குறைய 2.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் நாற்பது சட்டைக்கு ஒரு மீட்டர். உங்கள் எண்ணிக்கையை அதில் போட்டால் எவ்வளவு கம்பி வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

சேலை வேறு கணக்கு. அகலவாக்கில் இரண்டாக மடித்து ஹேங்கரில் போட்டால் 60 செ.மீ. வரை தொங்கும், எனவே சேலைக் கம்பிக்கு 70 செ.மீ. உயரம் போதும், அதற்குக் கீழே இரண்டு டிராயர் வந்துவிடும். ஆனால் கனத்த பட்டுச்சேலையை மாதக்கணக்கில் தொங்கவிட்டால் கம்பி படும் மடிப்பில் பாரம் இறங்கிச் சரிகை இழுபடும், அவற்றைப் படுக்கவைப்பதே நல்லது. அதற்குத் தட்டு 40 செ.மீ. அகலம் இருந்தால் சரியாக அமரும். தட்டுக்குத் தட்டு 25 செ.மீ. உயரத்துக்கு மேல் விடாதீர்கள், விட்டால் இருபது சேலையை அடுக்கி, அடியில் இருப்பதை உருவும்போது மொத்தமும் சரியும். வெளியே இழுக்கும் தட்டாகச் செய்தால் இன்னும் நல்லது. பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுவது நம் பாட்டிமார் செய்ததுதான், அதைச் செய்ய வேண்டுமானால் சேலை கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் பட்டுக்கு இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தட்டைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

கூரையோரம் வரும் மேல்கட்டம் அபூர்வப் பொருளுக்கு. ஊர்ப்பயணப் பெட்டி, தீபாவளிக்கு ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் சொந்தம் வந்தால் விரிக்கிற தோத்தோ மெத்தை, தைப்பூசத்து மஞ்சள் உடுப்பு. நடுத்தர அளவுப் பெட்டியைப் படுக்கவைத்தால் 30 செ.மீ. உயரம், அதனால் 45 செ.மீ. விட்டால் பெட்டியும் மேலே ஒரு போர்வையும் போகும். பிறப்புப் பத்திரம், வீட்டுக் கெரான் எனும் நிலப்பட்டா, எஸ்.பி.எம். சான்றிதழ் இவற்றை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், பூட்டுள்ள ஒரு டிராயரில் நெகிழி உறைக்குள் வையுங்கள்.

பலகையைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் கடைசியில் விலைதான் தீர்மானிக்கிறது, தெரியும். மரத்துகளை அழுத்திச் செய்யும் சிப்போர்டு மலிவு, நன்றாகச் செய்தால் பல வருடம் உழைக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி ஊதிவிடும், ஊதியது திரும்பச் சுருங்காது. பிளைவுட் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும். திருகாணியையும் நன்றாகப் பிடிக்கும். கறையானுக்கு இரண்டும் ஒன்றுதான், தரை வீடு என்றால் அலமாரி வருமுன் மருந்து அடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் சிப்போர்டில் செய்தாலும் அடிப்பகுதியை மட்டும் பிளைவுட்டில் கேளுங்கள், தரையிலிருந்து 10 செ.மீ. உயர்த்தி நெகிழிக் கால்மேல் நிற்க வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் நாம் தினமும் ஈரத் துணியால் தரை துடைக்கிறோம். பலகையின் நான்கு ஓரமும் பட்டை ஒட்டி மூடியிருக்க வேண்டும், கண்ணில் படாத அடி ஓரத்தையும் சேர்த்து. ஈரம் ஏறுவது அந்த அடி ஓரம் வழியாகத்தான். 18 மி.மீ. தட்டு என்றாலும் 80, 90 செ.மீ.க்கு மேல் தாங்கல் இல்லாமல் போனால் துணிப் பாரத்தில் நடுவே தொய்யும். பலகைப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் வெளியேற்றத்துக்கு இ1, இ0 என்று தரப் பிரிவு உண்டு, எந்தப் பிரிவு என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். “ஓர் அடிக்கு இத்தனை ரிங்கிட்” என்று சொன்னால் அது எந்த உயரம்வரை, டிராயரும் மேல்கட்டமும் கீலும் அதில் அடங்குமா என்றும் கேளுங்கள். கீல் விஷயத்தில், 2 மீட்டர் உயரக் கதவுக்கு நான்கு வேண்டும், மூன்று போட்டுவிட்டுப் போனால் ஒரே வருடத்தில் கதவு தொங்கும்.

ஈரம் உறிஞ்சும் டப்பாவைப் பலரும் வைக்கிறார்கள், நல்லதுதான், ஆனால் அதில் சேரும் தண்ணீர் கால்சியம் குளோரைடு கரைசல், துணியிலோ தோல்பையிலோ கொட்டினால் பாழாகும். தரைத்தட்டில் ஒரு தட்டுக்குள் வைத்து, நிறைந்தவுடன் எடுத்துவிடுங்கள். அந்துருண்டை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வேண்டாம். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே பார்க்கிறார்கள், அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் வாடை படிந்த துணியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரலாம். குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் அந்துருண்டையைக் கண்டால் நான் அளவெடுப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

செந்தூல் அக்காவுக்குப் பழைய அலமாரியைக் கழற்றி, குளியலறை ஒழுகலைச் சரிசெய்தபிறகு எதிர்ச்சுவரில் புதிதாகச் செய்தோம். நீளம் 8 அடியிலிருந்து 6 அடியாகக் குறைந்தது, அவருக்கு முதலில் அதில் மனமே இல்லை. எண்ணிப் பார்த்தோம், நாற்பத்து மூன்று சேலை, அதில் பட்டு பதினொன்று, அண்ணனுக்குச் சட்டை முப்பது. இரட்டைக் கம்பியும் நான்கு இழுதட்டும் போட்டதில் எல்லாம் அடங்கி ஒரு தட்டு காலியாகவும் இருந்தது. கூறைச் சேலையைச் சலவைக்குக் கொடுத்தார், புள்ளிகள் மங்கின, கறுத்த சரிகை அப்படியேதான் இருக்கிறது. புதுப் பலகை வாடை போக இரண்டு வாரம் கதவைத் திறந்தே போட்டுவிட்டு அப்புறம்தான் துணி அடுக்கச் சொன்னேன். மழை பிடித்த வாரங்களில் மட்டும் கீழ்த்தட்டுத் துணியை ஒதுக்கிப் பின்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். போன வாரம்கூட வைத்துப் பார்த்தாராம். “காஞ்சுதான் இருக்கு தம்பி” என்றார்.