"இது எதற்கான மாத்திரை?" என்று கேளுங்கள்

மருந்துக் கவுன்ட்டருக்கு உள்ளே நின்று பல வருடங்களாக மருந்து எடுத்துக் கொடுப்பவன் நான். ஒருநாள் நான் நீட்டிய அட்டையை வாங்காமல் ஒரு அம்மா, "இது அரிப்புக்குத்தானே தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன், அட்டையை ஒருமுறை பார்த்தேன். மருத்துவர் எழுதிய சீட்டில் இருந்தது ஹைட்ராக்ஸிசைன், அரிப்புக்கான மருந்து. என் கையில் இருந்ததோ ஹைட்ராலசைன், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. அவர் கேட்டிருக்காவிட்டால் அது அவர் வீட்டுக்குப் போயிருக்கும். உடம்பே நடுங்கிவிட்டது.

பெரும்பாலான சீட்டுகளில் நோயின் பெயர் இருக்காது. மருந்து, அளவு, எத்தனை வேளை, அவ்வளவுதான். உங்களுக்கு என்ன தொந்தரவு என்பது உங்களுக்கும் மருத்துவருக்கும்தான் தெரியும். நான் பெயரைத் தப்பாகப் படித்துவிட்டால் அதைப் பிடிக்க உங்கள் கேள்வி வேண்டும். இந்தத் தப்பு கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை, பெயர்கள் ஒன்றுபோல இருப்பதாலும் வருகிறது. லோசெக் என்ற அமிலக் குறைப்பு மருந்தும், சிறுநீர் பிரியக் கொடுக்கும் லேசிக்ஸும் குழம்பிப்போனதால்தான் 1990இல் அமெரிக்காவில் லோசெக்கின் பெயரையே பிரைலோசெக் என்று மாற்றினார்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கும் அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு ரத்த அணுக்கள் குறையும், உயிரே போயிருக்கிறது. கூடவே தரும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் பல நேரம் அதே மாதிரி மஞ்சள் நிறச் சின்ன மாத்திரையாக இருப்பது இன்னொரு ஆபத்து. எந்த மாத்திரை எந்தக் கிழமை என்று அட்டையின் மேலேயே எழுதி வாங்குங்கள்.

எண்களையும் பாருங்கள். 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகிவிடும். இன்சுலினில் யூனிட்டைக் குறிக்கும் U என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் பூஜ்யமாகப் படித்தால் 4 யூனிட் 40 ஆகும்.

குழந்தைக்குப் பாராசிட்டமால் வாங்கினால் சொட்டு மருந்தா, சிரப்பா என்று கேளுங்கள். சொட்டு மருந்து பல நேரம் சிரப்பைவிடப் பல மடங்கு அடர்த்தியாக இருக்கும். சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் அளவு எங்கேயோ போய்விடும். சமையலறைக் கரண்டி வேண்டாம், அளவுக் குழல் கேட்டு வாங்குங்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை நிறம் மாறியிருந்தால் கம்பெனி மாறியதாகவும் இருக்கலாம். ஆனால் அதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பையைக் கவுன்ட்டரிலேயே பிரித்து, சீட்டோடு பெயரையும் மில்லிகிராமையும் ஒத்துப் பாருங்கள். கூட்டம் நிற்கிறதே என்று தயங்க வேண்டாம்.

தப்பான மருந்தைச் சாப்பிட்டுவிட்டதாக வீட்டில் தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள். அட்டையைத் தூக்கி எறியாமல், எத்தனை மாத்திரை, எப்போது என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் பேசுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் அந்த அட்டையோடு நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.