படத்தில் வீடு இருக்கட்டும், வீட்டார் வேண்டாம்

சில ஆண்டுகளுக்கு முன்பு கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் இரட்டை மாடி வரிசை வீட்டை விற்பனை விளம்பரத்துக்காகப் படமெடுத்துக் கொடுத்தேன். சமையலறை வெளிச்சமாகவும் ஒழுங்காகவும் வந்திருந்தது; முகவருக்குப் பிடித்துப்போய் அதையே முதல் படமாகப் போட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கார அம்மா என்னை அழைத்தார். வீடு பார்க்க வந்த ஒருவர், கூடத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மகளைப் பெயர் சொல்லி அழைத்து, "இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, டியூஷன் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். ஐஸ்பெட்டிக் கதவில் காந்தவில்லையால் ஒட்டியிருந்த அட்டவணையில் பிள்ளையின் பெயர், பள்ளி, டியூஷன் நாள், நேரம் எல்லாமே இருந்தன. நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கியபோது ஒவ்வோர் எழுத்தையும் படிக்க முடிந்தது. வந்தவர் வேடிக்கையாகத்தான் கேட்டாராம். தவறு முழுக்க என்னுடையது. விளக்குகளையும் திரைச்சீலைகளையும் சரிபார்த்த நான் ஐஸ்பெட்டியின் கதவைப் பார்க்கவில்லை.

அன்று முதல், ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கேமராவை வெளியே எடுக்காமல் பத்து நிமிடம் வெறுமனே சுற்றிவருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பட்டமளிப்புப் படங்கள், சான்றிதழ்கள், மருந்து அட்டைகள், மேசைமேல் கிடக்கும் மின்சாரக் கட்டண ரசீது, நாட்காட்டியில் "ஊருக்குப் போகிறோம்" என்று வட்டமிட்ட தேதி ஆகியவை எல்லோருக்கும் உடனே கண்ணில் படும். கதவோரக் கொக்கியில் தொங்கும் சாவிக் கொத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சாவியின் பற்கள் தெளிவாகத் தெரியும் ஒரு படம் போதும், அதிலிருந்து நகல் சாவி செய்துவிடலாம் என்பதை அமெரிக்காவில் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ஆம் ஆண்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். குளியலறைக் கண்ணாடி இன்னொரு சங்கடம். அதில் பெரும்பாலும் நானே தெரிவேன், சில நேரம் எதிர் அறையில் உடை மடித்துக்கொண்டிருக்கும் வீட்டார் தெரிவார்கள்.

நம் வீடுகளில் சாமி அறை இருக்கிறது. அதன் பக்கத்தில் மாலை போட்ட படமும் இருக்கும். ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு மூதாட்டி, "தம்பி, அவர் படத்தைக் கழற்றணுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கழற்ற வேண்டாம் அம்மா, அந்தச் சுவர் வராமல் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். எதிர் மூலையிலிருந்து எடுத்த படம்தான் உண்மையில் நன்றாகவும் அமைந்தது. மாவிலைத் தோரணத்தையும் சாமி படங்களையும் அகற்றிவிட்டால் எல்லா இனத்தவரும் வீடு பார்க்க வருவார்கள் என்று முகவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனாலும் முடிவு வீட்டாருடையது. முகவருடையதோ என்னுடையதோ அல்ல.

வாடகைக்குக் குடியிருப்பவர்களின் நிலை இன்னும் பலவீனமானது. வீடு அவர்களுடையதில்லை, ஆனால் படத்தில் விழும் கட்டில், துணி, பிள்ளையின் பொம்மை எல்லாம் அவர்களுடையவை. உரிமையாளர் சம்மதித்துவிட்டார் என்பதற்காகக் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி நுழைவது முறையல்ல என்பதால், குடியிருப்பவருக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பி, எந்த அறைகளை எடுக்கப்போகிறேன் என்பதைச் சொல்லி, அவர்கள் மறைக்க விரும்புவதை மறைக்க நேரம் கொடுத்த பிறகே போகிறேன். வணிகத்தில் கையாளப்படும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2010-ஆம் ஆண்டின் சட்டம் நம் மலேசியாவில் இருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டித்தான் இந்த மரியாதையைப் பெற வேண்டும் என்றிருக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: வீட்டாரை அப்படியே காட்டிவிட்டு, வீட்டின் குறைகளை மட்டும் மறைப்பது. இருபதடி அகல வரிசை வீட்டின் கூடத்தை, கைப்பேசியின் 0.5 என்ற மிக அகல லென்ஸை வைத்து மூலையிலிருந்து எடுத்தால், எதிர்ச்சுவர் பின்னால் தள்ளிப்போய், கூடம் கல்யாண மண்டபம் போலத் தெரியும். நான் பெரும்பாலும் 16 முதல் 20 மில்லிமீட்டர் லென்ஸுக்குள் நிற்கிறேன். அதுவும் அகலந்தான், ஆனால் நேரில் வருபவர் ஏமாந்ததாக நினைக்காத அளவு. வாங்குபவர் இதைக் கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. படத்தின் ஓரத்திலுள்ள சுவர்க் கடிகாரமோ தட்டோ முட்டை வடிவமாக நீண்டிருந்தால், லென்ஸ் அளவுக்கு மீறி அகலமானது. தரை ஓடுகளையும் எண்ணிப் பார்க்கலாம்: இங்கே பரவலாகப் பதிக்கப்படும் சதுர ஓடு 60 சென்டிமீட்டர், ஏறக்குறைய இரண்டடி, குறுக்கே ஆறு ஓடுகள்தான் இருக்கின்றன என்றால், படம் எவ்வளவு விசாலமாகத் தெரிந்தாலும் அந்த அறை பன்னிரண்டடிதான்.

வானத்தை மாற்றுவது பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையளவில் இருப்பதால், டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்குப் பார்த்த வீட்டின் முகப்பு அந்த மாதத்தில் நாள் முழுவதும் நிழலிலேயே கிடக்கும், ஜூனில் அதே முகப்பு வெயிலில் பளிச்சென்றிருக்கும். ஒரே வீடு மாதத்துக்கு மாதம் இப்படி வேறாகத் தெரியும்போது, மந்தாரமான வெள்ளை வானத்துக்குப் பதிலாக நீல வானத்தை ஒட்டிக் கொடுப்பதைப் பெரிய பொய்யாக நான் கருதவில்லை. வாசலுக்கெதிரே இருக்கும் மின்கம்பத்தையோ, கூரையின் நீர்க்கசிவுக் கறையையோ அழிக்கச் சொன்னால் மறுத்துவிடுகிறேன். கறையை அழித்த படம் வீடு பார்க்க ஆளைக் கொண்டுவரும். வந்தவர் மழை நாளில் வந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பிப் போவார்.

காணொளி எடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கேமரா ஒலியையும் பதிவு செய்கிறது. ஒருமுறை சமையலறையைச் சுற்றிவந்த காட்சியின் பின்னணியில், வங்கிக் கடன் தவணை எத்தனை மாதம் பாக்கி என்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது தெளிவாகக் கேட்டது. காணொளியைத் தொகுக்கும்போது கவனித்ததால் தப்பித்தோம். வாங்க வருபவர் காதில் அது விழுந்திருந்தால் பேரம் எப்படி முடிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது மூல ஒலியை முழுவதும் நீக்கிவிட்டே கோப்பை ஒப்படைக்கிறேன்.

படம் கை மாறிய பிறகும் வேலை முடிவதில்லை. விளம்பரப் படங்களைத் திருடி, பாதி வாடகைக்கு அதே வீட்டைப் போட்டு, முன்பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் கும்பல்கள் உண்டு. அதனால் படத்தின் நடுவே மெலிதாகவாவது முகவரின் பதிவு எண் இருக்கட்டும் என்று வற்புறுத்துகிறேன். பணம் கட்டுமுன் அந்த எண் உண்மையானதா என்று மதிப்பீட்டாளர், சொத்து முகவர் வாரியத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். ஏமாந்து பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழையுங்கள்.

சென்ற ஆண்டு சிகாம்புட்டில் ஒரு வீட்டை வாங்கியவர், குடியேறி எட்டு மாதம் கழித்து என்னைத் தேடிப்பிடித்து அழைத்தார். அவருடைய படுக்கையறையின் கிரில் பூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது, பின்வாசல் எங்கே திறக்கிறது என்பதெல்லாம் நான் எடுத்த பழைய படங்களில் இன்னமும் இணையத்தில் கிடந்தன. இரண்டு தளங்களிலிருந்து ஒரே வாரத்தில் நீக்கிவிட்டோம். மூன்றாவதில் பதிவேற்றிய முகவர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டதால் ஏறக்குறைய இரண்டு மாதம் அலைய வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நான் கொடுக்கும் ஒவ்வொரு கட்டண ரசீதின் அடியிலும், விற்பனை முடிந்த முப்பது நாளுக்குள் படங்களை நீக்குவது முகவரின் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்து, அதற்குக் கீழே கையொப்பம் வாங்கிக்கொள்கிறேன்.