காலெலும்பு தாடையான பிறகு

வாய்ப்புற்றுக்காகக் கீழ்த்தாடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் காலெலும்பை வைத்துத் தைத்து, எல்லாம் நன்றாக முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிய பல மாதங்களுக்குப் பிறகும் நிறையப் பேர் குழைந்த சாதத்தைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். எலும்பு ஒட்டிவிட்டது, முகமும் ஓரளவு பழையபடி இருக்கிறது. அப்புறம் ஏன் மெல்ல வரவில்லை?

கீழ்த்தாடை ஒரு லாடம் மாதிரி. இரண்டு காதுகளுக்கும் முன்னால் உள்ள மூட்டுகளில் தொங்குகிறது, இருபக்கத் தசைகளும் சமமாக இழுப்பதால்தான் நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் துண்டு போய், அந்த இடத்தில் எதுவும் வைக்காமல் விட்டால், மீதித் தாடை வெட்டிய பக்கமாகவே சாயும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. அதற்காகத்தான் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் ஒல்லியான எலும்பை எடுக்கிறார்கள். உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள தடித்த எலும்பு சுமந்துகொள்வதால், கணுக்காலுக்கு மேல் 6 முதல் 8 செ.மீ. விட்டுவிட்டு மீதியில் வேண்டியதை எடுத்தாலும் நடக்க முடியும். எலும்பை மட்டும் எடுத்தால் போதாது, அதை வளர்க்கும் ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்ப இரண்டு மூன்று இடத்தில் அறுத்து மடக்கி, டைட்டானியம் தகடால் இறுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி தலைமுடியைவிட மெல்லிய நூலால் கழுத்தின் ரத்தக்குழாயோடு தைக்கிறார்கள். 1989இல் அமெரிக்க மருத்துவர் ஹிடால்கோ தாடைக்கு இதைச் செய்த முறையை வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் இது வெறும் எலும்புதான், இதில் பல் இல்லை. பல் வேண்டுமென்றால் எலும்பில் டைட்டானியம் திருகு இறக்க வேண்டும். டைட்டானியத்தோடு எலும்பு தானாகவே ஒட்டி வளரும் என்பதைக் கண்டுகொண்டவர் சுவீடனின் பிரோனெமார்க், 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். காலெலும்பில் சிக்கல் என்னவென்றால், பல்லுள்ள தாடையின் உயரத்தில் அது ஏறக்குறைய பாதிதான் இருக்கும், அதனால் சில சமயம் இரண்டு அடுக்காக மடித்து வைக்கிறார்கள். எலும்போடு காலின் தோலும் வாய்க்குள் வந்திருந்தால் அது ஈறு மாதிரி இறுக்கமாக ஒட்டி நிற்காது, திருகைச் சுற்றி அசைந்து புண்ணாகும். சிலருக்கு வாய்க்குள் முடிகூட வளரும்!

பல் வைத்த பிறகும் வேலை முடியவில்லை. மெல்லும்போது உணவைத் திரும்பத் திரும்பப் பல்லுக்கு நடுவே தள்ளுவது நாக்கும் கன்னமும். நாக்கிலும் கொஞ்சம் போயிருந்தால், அல்லது தையலில் இழுபட்டிருந்தால், உணவு கன்னத்தின் ஓரத்தில் போய்த் தங்கிவிடும். தாடைக்குள் ஓடும் நரம்பும் எலும்போடு போய்விடுவதால் கீழுதடு மரத்துப்போகும், உதட்டில் பருக்கை ஒட்டியிருப்பதே தெரியாது. எதிரே ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு சாப்பிட்டால் இது பெரிய உதவி.

எனக்கு அதிகம் கவலை தருவது புற்றுக்காகக் கொடுக்கும் கதிர்வீச்சு. அது உமிழ்நீரைக் குறைக்கும், மெல்லும் தசைகளை நாராக இறுக்கும். மூன்று விரல் நுழையும் வாய் மெதுவாக ஒரு விரலுக்குச் சுருங்கிவிடும், அப்படிச் சுருங்கிய வாய்க்குள் பல் வைக்கும் கருவியே போகாது. அதனால்தான் ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, நாளுக்கு நாள் ஒன்றைக் கூட்டி, வாயைத் திறந்து பழகச் சொல்கிறார்கள். வலிக்கிறது என்று நிறுத்திவிட்டால் இழந்த அகலத்தை மீட்பது மிகவும் கஷ்டம்.

காப்பாற்ற முடியாத சொத்தைப் பல் இருந்தால் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். பிறகு பிடுங்கினால், ரத்த ஓட்டம் குறைந்த எலும்பு ஆறாமல் அழுகிப்போகலாம். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே பல் மருத்துவரும் அந்த அறையில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். எலும்பை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் வைத்தால் பின்னால் மேல்பல்லுக்கு நேராகப் பல் நிற்கும் என்பதை அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும்.