எண் ஏன் பாதி வழியில் நழுவுகிறது?

“ஒருவர் சொன்ன கைபேசி எண்ணை மனதுக்குள் சொல்லிக்கொண்டே பேனாவைத் தேடுகிறேன். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் ஏதாவது பேசிவிட்டால் எண் போய்விடுகிறது. வயதாகிவிட்டதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வயதின் மீது பழி போட வேண்டாம். இருபது வயதுக்காரருக்கும் இது நடக்கும். “மனதுக்குள் சொல்லிக்கொண்டே” என்கிறாரே, விளக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

குறுகிய கால நினைவில் ஏழு உருப்படிகள், இரண்டு கூடவோ குறையவோ நிற்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதியது பலருக்கும் தெரியும். 1968இல் அட்கின்சனும் ஷிஃப்ரினும் நினைவு எப்படி இயங்குகிறது என்பதற்கு ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். தகவல் முதலில் குறுகிய கால நினைவுக்கு வந்து, பிறகே நீண்ட கால நினைவுக்குள் போகும் என்றார்கள். இரண்டே ஆண்டுகளில் அதில் விரிசல் விழுந்தது. விபத்தில் மூளையில் காயம்பட்ட கே.எஃப். என்ற நோயாளியை ஷாலிஸும் வாரிங்டனும் சோதித்தார்கள். காதால் கேட்ட எண்களில் ஓரிரண்டுக்கு மேல் அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. புதியவற்றைக் கற்று நெடுநாள் நினைவில் வைப்பதிலோ குறையே இல்லை. முன்வாசல் அடைத்துக் கிடக்கும்போதே வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் இருந்தால், வேறு வழி இருக்கிறது என்றுதானே பொருள்?

1974இல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் குறுகிய கால நினைவு என்ற அந்த ஒற்றைச் சேமிப்பிடத்தைப் பிரித்து, செயல்நினைவு என்று அழைத்தார்கள். சொற்களுக்கு ஒலிச்சுழல், உருவங்களுக்கும் இடங்களுக்கும் காட்சிப்பலகை, இரண்டையும் மேய்க்க ஒரு மைய நிர்வாகி. மற்ற இரண்டும் இருக்கட்டும், ஒலிச்சுழலைப் பார்ப்போம்.

கேட்ட ஒலியின் தடம் ஏறக்குறைய இரண்டு விநாடியில் மங்கிவிடும். மங்குவதற்குள் உள்குரல் அதை மறுபடி சொல்லிப் புதுப்பிக்கிறது. மொத்த இயந்திரமும் இவ்வளவுதான். ஆனால் இதிலிருந்து கிளைக்கும் கணிப்புகள் எத்தனை! திரையில் காட்டிய ஆங்கில எழுத்துகளை நினைவுகூரச் சொன்னார் கான்ராட். ‘பி’க்குப் பதில் ‘வி’ என்று எழுதினார்கள். வடிவத்தில் அல்ல, ஒலியில் குழம்பினார்கள். கண்ணால் படித்ததையும் காதுக்குரியதாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறோம். நீளமான சொற்களில் குறைவாகவும் குட்டிச் சொற்களில் அதிகமாகவும் நினைவில் நின்றதை 1975இல் பேட்லி குழுவினர் காட்டினார்கள். இரண்டு விநாடியில் எவ்வளவு சொல்ல முடியுமோ, ஏறக்குறைய அவ்வளவே நிற்கிறது. பொருளற்ற ஒரு சொல்லை விடாமல் முணுமுணுக்க வைத்து உள்குரலை முடக்கினால், இந்த நீள வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேல்ஸ் நாட்டில் நடந்தது. அங்கே வேல்ஷ் மொழி பேசும் பள்ளிப் பிள்ளைகள் நுண்ணறிவுத் தேர்வின் எண் நினைவுப் பகுதியில் பின்தங்கினார்கள். எல்லிஸும் ஹென்னெலியும் 1980இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: வேல்ஷ் மொழியில் எண்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிட அதிக நேரம் ஆகிறது. இரு மொழியும் அறிந்தவர்களே வேல்ஷில் குறைவாகவும் ஆங்கிலத்தில் அதிகமாகவும் எண்களை நினைவில் வைத்தார்கள். மூளை ஒன்றுதான், நாக்குக்குத்தான் கூடுதல் வேலை. ஒன்று முதல் ஒன்பது வரை ஆங்கிலத்தில் ஏழைத் தவிர எல்லாம் ஓரசைச் சொற்கள். தமிழில் ஒன்றுகூட ஓரசை இல்லை. தமிழில் பேசிக்கொண்டே கைபேசி எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்கிறோமே, அதற்குப் பள்ளிப் பழக்கம் காரணமாக இருக்கலாம். ஒலிச்சுழலுக்கு அது வசதியும்கூட. இதையெல்லாம் அளக்கக் கோடி ரூபாய் ஸ்கேன் கருவி வேண்டாம்; ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் போதும். பளபளக்கும் மூளைப் படங்களுக்குத்தான் நிதி என்ற மனநிலை எனக்கு எரிச்சலூட்டுகிறது.

வாசகரின் கேள்விக்கு வருவோம். காதில் விழும் பேச்சு அனுமதி கேட்காமலே ஒலிச்சுழலுக்குள் புகுந்து எண்களின் தடத்தைக் கலைக்கிறது என்பது பேட்லியின் விளக்கம். புரியாத மொழியில் பேசினாலும் சேதம் உண்டு. பதில் பேச நீங்களே வாய் திறந்தால் உள்குரலும் நின்றுபோகும்.

இந்த மாதிரிக்கு அடிகளும் விழுந்திருக்கின்றன. பேச்சே இல்லாமல், மாறி மாறி ஒலிக்கும் வெறும் சுருதிகளும் நினைவைக் கெடுப்பதை டிலன் ஜோன்ஸ் காட்டினார். அசை எண்ணிக்கை சமமாக இருக்கும் வேறு சொற்களை 2000இல் சோதித்தபோது, உச்சரிப்பு நேரம் கூடியும் நினைவு குறையவில்லை. ஆகப் பலவீனமான பகுதி மைய நிர்வாகி. முடிவெடுக்கும் ஒரு குட்டி மனிதனைத் தலைக்குள் உட்காரவைத்துவிட்டால், அவன் தலைக்குள் யார்? இந்தக் குறையைப் பேட்லியே ஏற்றுக்கொண்டார். 2000இல் நான்காவதாக ஓர் உறுப்பையும் சேர்த்தார். நெல்சன் கோவன் தனித்தனி அறைகளே வேண்டாம் என்கிறார்: நீண்ட கால நினைவின் விழித்திருக்கும் பகுதியே செயல்நினைவு, கவனம் அதில் நான்கைந்தைத்தான் பிடித்திருக்கும். கோவனின் பார்வை விரிவானது. ஆனாலும் நான் பேட்லி பக்கம் சாய்கிறேன். எங்கே அடித்தால் தன் மாதிரி உடையும் என்று அவர் தெளிவாகச் சொல்லிவைத்தார்.

கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் ‘நடுமூளைப் பயிற்சி’க்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் எஸ்.எஃப். என்ற மாணவர் இருநூறு மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி செய்து, ஒரே மூச்சில் 79 எண்களைத் திருப்பிச் சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர்; எண்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, தெரிந்த பந்தய நேரங்களாக நினைவில் வைத்தார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறோடு நின்றுவிட்டார்.